வகுப்பில் திட்டினால் வகுப்பில்தான் மன்னிப்பு

வாத்தியார் வேலையில் கஷ்டமானது பாடம் நடத்துவது இல்லை, பிள்ளைகள் முன்னால் "நான் போட்டது தப்பு" என்று சொல்வதுதான். வெண்கட்டி பிடித்துக் கரும்பலகையில் எழுதிய உங்களுக்கு இது புரியும்.

விட்டுப்போன மைனஸ்

தொண்ணூறுகளில், யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக அட்டனிலிருந்து வந்த புதிது. பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். யோகேஸ்வரி எழுந்தாள்.

"சேர், மூணாவது வரியில மைனஸ் விட்டுப்போச்சுங்க."

"அப்ப நீயே வந்து படிச்சுக் குடு" என்று கத்தி, அவளை வெளியே நிற்க வைத்தேன். இடைவேளையில் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பலகையை அழித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் கேட்டேன். "இனிமே ரப்பர்ப் பால் வெட்டவே போறாளாம் சேர்."

லயத்துக்குப் போனேன்

தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் அவர்களுடையது. அவளுடைய அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய ரப்பர்ப் பாலை உரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. "தப்பு என் மேலதான்மா. பிள்ள சரியாத்தான் சொன்னா" என்றேன். கதவுக்குப் பின்னால் யோகேஸ்வரி நிற்பது தெரிந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ஆனால் விடவும் இல்லை.

"அத வகுப்புல சொல்லுங்க சேர். திட்டுனது அங்கதானுங்களே?"

பெரிய சேரின் கதிரை

மறுநாள் யோகேஸ்வரி வந்ததும் வகுப்பில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து யார் பிழை கண்டாலும் கையை உயர்த்திச் சொல்லலாம், காரணமும் சொல்ல வேண்டும், நான் உட்பட யாரும் கத்தக்கூடாது என்று எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம். பள்ளிக்கூடத்தின் பெரிய சேரான அதிபருக்கு இது பிடிக்கவில்லை. "தலையில ஏறிருவாங்க" என்றார்.

சில மாதம் கழித்துக் கல்வித் திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. அதிபருக்கும் எனக்கும் சிங்களம் அரைகுறை. பிள்ளைகளின் விபரம் எடுக்க வரலாமா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, அதிபர் "சம்மதம்" என்று பதிலும் எழுதிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் ஆண்டு வரை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த யோகேஸ்வரியிடம் ஒருதரம் காட்டலாம் என்றேன். முனகிக்கொண்டே கடிதத்தையும் பதிலையும் கொடுத்தார்.

அவள் இரண்டு முறை வாசித்தாள். "சேர், பிள்ளைங்க குறைவா இருக்கிறதால பத்தாம் ஆண்ட மூடலாமான்னு கேக்குறாங்க. நீங்க சம்மதம்னு எழுதியிருக்கீங்க."

அதிபரின் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல உக்காரு மகள். என்னா எழுதணும்னு நீ சொல்லு, நான் எழுதுறேன்."

வகுப்பு மூடப்படவில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே பிள்ளைகளிடம் படிக்கிற வசதி வாத்தியார் உத்தியோகத்தில் மட்டும்தான் உண்டு என்பது அதிபருக்கும் எனக்கும் அன்று விளங்கியது.