நட்சத்திரத்துக்கு ஜப்பானியச் சொல்

அறுபதுகளின் தொடக்கம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"யுத்த காலத்துல சிங்கப்பூர்ல இருந்தியாமே. ஜப்பான் பாஷை வருமாப்பா?"

"கொஞ்சம் வரும் சார்."

அங்கே ஒரு ஜப்பானியரின் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன். புதுமுகங்களைப் பற்றி அவர் அளந்ததில் ஒட்டிக்கொண்ட சொற்கள்தான் என் ஜப்பானிய மொழி.

ஆலைக்கு ஜப்பானிலிருந்து, நூலைக் கூம்பு வடிவில் சுற்றும் புது கோன் வைண்டிங் மிஷின் வந்திருந்தது. கூடவே வந்த எஞ்சினியர், முதலில் ஒரே ஒருவருக்குத்தான் பழக்குவேன் என்றார். மேனேஜர் மனதில் இருந்தவள் பவுனுத்தாய். சேர்ந்து நாலே மாதம், தற்காலிக வேலை. அறுந்த நூலை அவள் முடிச்சுப் போடும் வேகத்தைப் பழைய ஆட்களே நின்று பார்ப்பார்கள். புது மிஷினுக்குப் போனால் வேலை நிரந்தரமாகிவிடும்.

"நம்ம மில்லுல புதுசாத் தெரிஞ்ச நட்சத்திரம்னு சொல்லு. நல்ல வார்த்தையாப் போடுப்பா."

மேனேஜரோடு ஷெட்டுக்கு நடக்கும்போதே யோசித்தேன். 'ஷின்ஜின்' என்றால் புது ஆள். நேற்று வந்த வாட்ச்மேனும் ஷின்ஜின்தான். 'சூய்ஸெய்' என்றால் வால்நட்சத்திரம். அங்கே அது பாராட்டு. நம்மூரில் அது தெரிந்தால் ஏதோ கெடுதல் என்பார்கள். மேனேஜர் அர்த்தம் கேட்டால் நான் தொலைந்தேன். மிஞ்சியது 'ஹோஷி', வெறும் நட்சத்திரம். புதிய என்பதற்கு 'அத்தரஷீ' என்று முன்னால் சேர்த்துக்கொண்டேன்.

பவுனுத்தாயைக் காட்டி, பெருமையில் கடைசி எழுத்தை இழுத்து, "அத்தரஷீ ஹோஷீ" என்றேன்.

எஞ்சினியர் அவளுடைய பழைய மிஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, "புதிதாக எது வேண்டும்?" என்று ஜப்பானியத்தில் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. 'ஹோஷி' நட்சத்திரம், 'ஹோஷீ' என்று நீட்டினால் 'வேண்டும்'. உளறியதை ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, கேள்வியை அவளிடமே தள்ளிவிட்டேன்.

"புதுசா என்ன வேணும்னு கேக்குறாரும்மா."

அவள் யோசிக்கவேயில்லை. நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டைக் காட்டினாள்.

"இந்த டென்ஷன் வாஷரத்தாண்ணே மாத்தணும். நூலு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருச்சு. அதான் அம்புட்டு தடவ அறுந்து, அம்புட்டு முடிச்சு போடுறேன். மேஸ்திரி காதுலயே வாங்கல."

தெரிந்த சொற்களோடு சைகையும் சேர்த்து அதை அப்படியே எஞ்சினியரிடம் சொன்னேன். அவர் வாஷரைக் கழற்றி நகத்தால் தடவினார். பிறகு அவளுக்குத் தலைகுனிந்து வணங்கி, இந்தப் பெண்தான் தனக்கு வேண்டும் என்றார்.

"நட்சத்திரம்னதுக்கா இம்புட்டு மரியாதை?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்," என்றேன்.

பவுனுத்தாய் நிரந்தரமானாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரைப் புகழச் சொல் தேடுமுன் அவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பதிலை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.