போஷகர் தியாகலிங்கம் கலைத்த சபை

தியாகலிங்கம் இலங்கையில் இருபத்திரண்டு வருடம் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். பாட்டுக் கச்சேரி அல்ல. அரசாங்க அதிபரின் அலுவலகம். உலகத்தில் எந்தக் காரியமும் ஒரு கையெழுத்தில்தான் உயிர் பெறுகிறது என்ற நம்பிக்கை அங்கே அவருடைய எலும்புவரை இறங்கியிருந்தது. மொன்ட்ரியாலில் அவர் குளிர்கால மேலங்கிகளுக்குப் பொத்தான் தைத்தார். பொத்தானுக்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

தொண்ணூற்று மூன்றில் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோது மற்றவர்கள் மாகாணங்களையும் தலைநகரங்களையும் பாடமாக்கினார்கள். தியாகலிங்கம் உப ஆளுநரைப் பற்றிய பத்தியில் நின்றுவிட்டார். மாகாணத்தில் அரசியின் பிரதிநிதி. எந்தச் சட்டமும் இவர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம். ஆனால் வழக்கத்தில் எதையும் இவர் தீர்மானிப்பதில்லை. வாசிக்க வாசிக்க அவருக்குக் கண் கலங்கியது. பரீட்சையில் சித்தியடைந்த பிறகும் சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், அகராதியும் கையுமாக, கியூபெக் உப ஆளுநர் பதவியின் வரலாற்றைத் தோண்டினார்.

"வீட்டிலை சீனி முடிஞ்சு மூண்டு நாள். நீங்கள் அந்த மனிசன்ரை மாளிகை எப்ப எரிஞ்சதெண்டு தேடுறியள்" என்றாள் மனைவி பாலாம்பிகை.

"அறுபத்தாறிலை" என்றார் அவர்.

அப்போது செயின்ட்-மிஷேல் தமிழர் ஒன்றியத்தில் பெரும் பிரச்சினை. தலைவர் தேர்தலில் வீடியோக் கடை ஞானேந்திரன் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். தோற்றவர்கள் தனி ஒன்றியம் தொடங்கப்போவதாக மிரட்டினார்கள். இரு பக்கத்துக்கும் பொதுவாக, தலைவருக்கும் மேலே ஒருவரை உட்காரவைத்தால் சண்டை அடங்கும் என்று ஞானேந்திரன் யோசித்தார். போஷகர் என்று அந்தப் பதவிக்குப் பெயர். யாருக்கும் பகையில்லாதவர், யாரும் பெரிதாகக் கவனிக்காதவர் என்று தேடியதில் தியாகலிங்கம் அகப்பட்டார்.

"ஒரு வேலையும் இல்லை அண்ணை. விளக்கேத்திறது, தீர்மானங்களிலை கையெழுத்து வைக்கிறது. அவ்வளவுதான்."

ஞானேந்திரன் அதை ஒரு குறையாகத்தான் சொன்னார். தியாகலிங்கத்துக்கோ அது அழைப்பு மாதிரிக் கேட்டது. ஒரே நிபந்தனை, ஒன்றியத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டதிட்டங்களை, தானே திருத்தி எழுதவேண்டும் என்றார். மற்ற யாருக்கும் அந்த வேலையில் ஆசை இருக்கவில்லை. தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் அவர் பதினெட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மீன் ரோல்ஸும் தேநீரும் வந்து இறங்கின. யாப்பு ஏகமனதாக நிறைவேறியது. போஷகர் கையெழுத்தில்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது, யாப்பை மீறும் செயற்குழுவைப் போஷகர் கலைக்கலாம் என்ற பிரிவுகள் பதினாறாம் பக்கத்தில் இருந்தன.

மூன்று வருடம் அவர் குறைவில்லாமல் ஆண்டார். ஒலிபெருக்கி வாங்கும் தீர்மானம், அனுதாபத் தீர்மானம், ஒலிபெருக்கியைத் திருத்தும் தீர்மானம், எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் அவர் பேனையைத் தொட்டதில்லை. ஆண்டு மலருக்கு உப ஆளுநர் வரலாற்றை நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மலர்க்குழு அதை அரைப் பக்கமாக்கி, நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே போட்டது. மாளிகை எரிந்த சங்கதி மட்டும் மிஞ்சியிருந்தது.

மலரை வாசித்தவர் ஒருவர்தான். பியர்பொன்ட்ஸிலிருந்து விசேஷங்களுக்கு மட்டும் காரில் வந்துபோகும் பேராசிரியர் ஜம்புநாதன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா உப ஆளுநர்னு போட்டது தப்பு. எங்க பாண்டிச்சேரியில துணைநிலை ஆளுநர்னுதான் சொல்லுவாங்க."

"துணைநிலை எண்டால் பக்கத்திலை துணைக்கு நிக்கிறவர் மாதிரி எல்லோ கிடக்கு?"

"அவ்வளவுதானே சார் வேலையே?"

தியாகலிங்கம் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஜம்புநாதன் அடுத்த விசேஷத்துக்குத்தான் வருவார் என்பதால் அவருக்கு அது தெரியவேயில்லை.

தொண்ணூற்றேழில் செயற்குழு ஒரு தீர்மானம் போட்டது. மண்டபம் கிடைப்பது கஷ்டம், பனி வேறு. ஆகவே பொதுக்கூட்டமும் தேர்தலும் இல்லாமல் இதே குழு இன்னும் மூன்று வருடம் சேவை செய்யும். ஞானேந்திரன் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சும்மா வந்தவர் போல வீட்டுக்கு வந்தார்.

தியாகலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். பேனையை மூடினார்.

"இது யாப்புக்கு மாறு. வைக்கேலாது."

"அண்ணை, கையெழுத்து வைக்கத்தானே உங்களை வைச்சிருக்கிறம்."

"ஓம். அதாலைதான் வைக்கேலாது. தம்பி, ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டிலை இஞ்சை என்ன நடந்ததெண்டு தெரியுமோ? தன்னைக் கேளாமல் சட்டம் கொண்டுவந்த அரசாங்கத்தை உப ஆளுநர் வீட்டுக்கு அனுப்பினவர்."

"அனுப்பி?"

"அடுத்த வருஷம் ஒட்டாவா அவரை வீட்டுக்கு அனுப்பினது."

"அப்ப யோசியுங்கோ" என்று சொல்லி ஞானேந்திரன் சப்பாத்தைப் போட்டார்.

அவர் யோசித்தார். தெருவில் கண்டால் யார் முகம் கொடுப்பார்கள், தீபாவளிக்கு யார் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. ஆனாலும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்குக் கடதாசி நீட்டிய மனிதர் அவர். மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து, செயற்குழுவைக் கலைத்து ஒரு கடிதம் எழுதினார். ஒன்பது பிரதி.

கலைக்கப்பட்ட செயற்குழு அடுத்த ஞாயிறு கூடி, போஷகர் பதவியை ஒழித்தது. ஒழித்த பிறகுதான் யாரோ பதினாறாம் பக்கத்தை வாசித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் போஷகரின் கையெழுத்து வேண்டும். இருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"சந்தோஷமாய் வைப்பன்" என்றார் தியாகலிங்கம். "ஆனால் பதவியை ஒழிக்கப் பொதுக்கூட்டத்துக்குத்தான் அதிகாரம். கூட்டத்தைக் கூட்டுங்கோ."

அவரை விலக்கியே தீரவேண்டும் என்ற வேகத்தில், வேண்டாம் என்று தவிர்த்த பொதுக்கூட்டத்தை அவர்களே கூட்டினார்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்துகூட ஆட்கள் வந்து மண்டபம் நிறைந்தது. போஷகர் பதவியை அறுபத்து மூன்றுக்கு நான்கு என்று ஒழித்தார்கள். வந்தது வந்தோம் என்று செயற்குழுவையும் ஒழித்தார்கள். தியாகலிங்கம் தன்னை விலக்கும் தீர்மானத்தை நிதானமாக வாசித்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, கையெழுத்திட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. வெளியே வந்ததும் பாலாம்பிகை அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"முகம் வாடியிருக்கு" என்றாள்.

"வாடத்தானே செய்யும்" என்றார் அவர். "அறுபத்து மூண்டு பேர்."

அந்தக் கோடையில் ஜோன்-தாலோன் சந்தையில், மனைவியோடு வந்த தியாகலிங்கத்துக்கு, தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் ஞானேந்திரன் எதிர்ப்பட்டார். இருவரும் ஆளுக்கொரு தக்காளியை எடுத்து அமத்திப் பார்த்தார்கள்.

"அண்ணை, அந்த எழுபத்தெட்டிலை வீட்டுக்குப் போன முதலமைச்சர், பேந்து பதவிக்கு வந்தவரோ?"

"ஓம். பதின்மூண்டு வருஷத்தாலை."

ஞானேந்திரன் விரல்விட்டு எண்ணினார். இரண்டாயிரத்துப் பத்து வந்தது. தலையை ஆட்டினார்.

"சரிவராது அண்ணை. நான் வேறை ஒரு ஒன்றியம் துவங்கிறன். நீங்கள் போஷகராய் வாறியளோ?"

தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்ததைப் பாலாம்பிகை பார்த்துவிட்டாள்.

"யாப்பு?" என்றார்.

"அது எழுதி முடிச்சாச்சு அண்ணை" என்றார் ஞானேந்திரன் அவசரமாக. "ஒரே பக்கம்."