தபாலில் வந்த மாமியார்

தண்ணீர்த் தொட்டிக்குள் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிமிழை இறக்கிவிட்டு, "அசையாம இருக்கணும், என்ன?" என்று அதட்டிக்கொண்டிருந்தார் அளவுக்காரம்மா. கதிர்வீச்சு அறையின் கனத்த கதவைச் சாத்துமுன் எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுதான். சிமிழுக்கும் விலக்கில்லை.

யாருக்கு எவ்வளவு கதிர் என்று கணக்கிட்டு, இயந்திரம் அதைச் சரியாகக் கொடுக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பட்டப்பெயர் நோயாளிகளான நாங்கள் வைத்தது. அளவெல்லாம் ஆஸ்பத்திரியோடு சரி. மதியச் சாப்பாடு கொண்டுவரும் கணவர் சொல்வார்: "இங்க நூத்துக்கு மூணு தப்பினா இவளுக்குத் தூக்கம் வராது. வீட்டுல உப்பு முப்பது தப்பும், குறட்டை தெருவுக்கே கேக்கும். அதான் சமையல் என் கைக்கு வந்துடுச்சு."

சிமிழ் ஒரு சர்வதேச அமைப்பு தபாலில் அனுப்புவது. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகள் சொன்ன அளவு கதிரை அதன்மேல் செலுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். உண்மையில் எவ்வளவு பட்டது என்று அவர்கள் அளந்து சொல்வார்கள். ஒத்து வராவிட்டால், காரணம் தெரியும்வரை இயந்திரம் நிற்கும். இருப்பது அது ஒன்றுதான். நாங்கள் காத்திருப்போம், உடம்பில் உள்ள கட்டி காத்திருக்காது.

நோயாளியின் பெயர் இல்லாமல் இயந்திரம் ஓடாது. சிமிழுக்கு 'மாமியார்' என்று பதிந்திருந்தார் அளவுக்காரம்மா. "வெளியூர்லேருந்து வந்து, நம்ம லட்சணத்தைப் பாத்துட்டு, போய் ஊருக்கே சொல்றது வேற யாரு?"

வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண் பட்டியலைப் பார்த்து, "மாமியார்! மாமியார் உள்ள வாங்க!" என்று கூவினாள். நாங்கள் காத்திருக்கும் ஆட்டம் கண்ட பெஞ்சிலிருந்து மூன்று பெண்கள் எழுந்தார்கள்.

"யாரோட மருமக கூப்பிடறது, அதுவும் மரியாதையா?" என்றார் ஒருவர்.

சிமிழ் திரும்பிப் போனபின் அளவுக்காரம்மா தினமும் காலையில் இயந்திரத்தைத் தானே அளந்தார். சரியாகவே இருந்தது. நம்பவில்லை. "நம்ம பிள்ளைக்கு நாமளே மார்க் போட்டா நூத்துக்கு நூறுதான் வரும்."

முடிவு வந்த அன்று, 'இன்று சிகிச்சை இல்லை' என்று எழுதிய அட்டையை, எதற்கும் இருக்கட்டும் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு கணினிமுன் நின்றார். கதவு திறந்திருந்தது. பெஞ்சிலிருந்தே எட்டிப் பார்த்தோம்.

"மெயிலைத் திறக்கட்டுமா மேடம்?" என்றார் டெக்னீஷியன்.

"இருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"நூத்துக்கு ஒண்ணுதான் வித்தியாசம். பாஸ் மேடம்!"

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அளவுக்காரம்மா வெளியே வந்து, அட்டையை நான்காக மடித்து, நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே குனிந்து பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். பிறகு எங்களோடு சேர்த்துப் பெஞ்சை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.