வடிவு காலேஜ் விசாரித்த விதம்

வடிவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. துணி எடுக்க வருகிறவர்களிடம் எந்த ஊர், யாருக்குக் கல்யாணம், மாப்பிள்ளை என்ன வேலை என்று ஆரம்பித்தாளானால், அவர்கள் சேலையை மறந்துவிட்டுக் குடும்பக் கதையைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். ரங்கநாதன் தெருவில் அவள் அப்பா சுயம்புலிங்கத்துக்கு ஒரு ஜவுளிக்கடை. ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். அதற்குள் உட்கார்ந்துகொண்டே பள்ளிக்கூடத்து நாளிலிருந்து இந்தப் பெண் ஊரை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். "வியாபாரம் பாக்க விடுதாளா பாரு" என்று அப்பா திட்டுவார். ஆனால் பேச்சு ருசியில் வந்தவர்கள் கூடவே ஒரு பாவாடைத் துணியும் கிழித்துக்கொண்டு போவதை அவர் கவனிக்காமல் இல்லை.

1973 கோடையில் பி.ஏ. பரீட்சை முடிந்த கையோடு வடிவு வீட்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஜர்னலிசம் படிக்கப் போகிறாளாம். பத்திரிகையில் வேலைக்குப் போகப் போகிறாளாம்.

"ஜர்னலிசம்னா என்னட்டி?" என்று அம்மா மீனாட்சி கேட்டாள்.

"நாலு பேரைப் பார்த்து, விசாரிச்சு, நடந்ததை எழுதுறதும்மா."

"அதைப் படிச்சு வேற செய்யணுமாக்கும்? இப்ப படிக்காமலே அதைத்தான செய்யுத!"

சிரித்து முடித்துவிடுகிற விஷயமாக அது இல்லை. அதே மாதம் தூத்துக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. உப்பளம் வைத்திருந்த வெள்ளைத்துரை தம் மகனுக்கு வடிவைக் கேட்டிருந்தார். நடுவில் நின்று பேசியவர் பொன்ராஜ், தூரத்து உறவு, இப்போது மாம்பலத்தில் பாத்திரக்கடை. நல்ல இடம், சீக்கிரம் பதில் சொல்லுங்க என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிடுவார்.

"நல்ல இடம்" என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காது. மூத்தவள் சரோஜாவை விருதுநகரில் கட்டிக்கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். சுயம்புலிங்கம் நேரில் போய்ப் பத்துப் பேரிடம் கேட்டார். ஒவ்வொருவரிடமும் கடைசியில், "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். வேற ஒண்ணும் இல்லை என்று பத்துப் பேரும் சொன்னார்கள். மாப்பிள்ளை எதற்கெடுத்தாலும் கை நீட்டி அடிக்கிறவர் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது. கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சரோஜா ஒரு தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வந்து இரண்டு வருடம் ஆகியும் அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் சரோஜா அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டாள்.

சுயம்புலிங்கம் முதலில் தாமே விசாரித்தார். யாரிடம் விசாரித்தார் என்றால், தமக்குத் தெரிந்த ஒரே பத்திரிகைக்காரரிடம். சங்கரன் என்று ஒருவர், தீபாவளிக்கு முன்னால் ஒரு நாளிதழுக்காக விளம்பரம் கேட்டு வருவார். செய்தி எழுதுவதற்கென்று தனியாக ஆட்கள் இருப்பார்கள் என்று சுயம்புலிங்கம் யோசித்ததே கிடையாது.

"பத்திரிகைன்னா என்ன அண்ணாச்சி, விளம்பரம்தான்!" என்றார் சங்கரன். "விளம்பரம் போட்டது போக மிச்ச எடத்துல நியூஸைப் போட்டு ரொப்பறா. உங்க பொண்ணைக் கச்சேரி ரோட்டுல கலைவாணி மகளிர் பத்திரிகைக் கல்லூரின்னு இருக்கு, அதுல சேத்துடுங்கோ. கௌரவமான எடம். மூணு மணிக்கெல்லாம் ஆத்துக்கு வந்துடலாம்."

வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. "விளம்பரம் வாங்குறவரைக் கேட்டா என்னப்பா தெரியும்? நான் போய் விசாரிச்சுட்டு வரேன்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "சரி, போ. மாப்பிள்ளைய விசாரிக்கோம்லா, அது மாதிரி விசாரி. காலேஜுக்குள்ள போயிக் கேக்காத, பெருமைதான் சொல்லுவான். எதுத்தாப்புல இருக்கவன்ட்ட கேளு. நல்லதையும் சொல்லணும், கெட்டதையும் சொல்லணும். கேட்டுட்டு நான் முடிவு சொல்லுதேன். ஒண்ணும் சரியில்லன்னா வெள்ளைத்துரை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அதுக்கு மேல மூக்கால அழக்கூடாது."

"அழமாட்டேன்" என்றாள் வடிவு. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

பழைய பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்து முதலில் போனது அடையாறுக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், விலாசத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தால் அங்கே தையல் வகுப்பு நடக்கிறது. ஜர்னலிசம் போன வருடமே மூடிக்கொண்டதாம். "வந்ததுதான் வந்தீங்க, ஜாக்கெட் தைக்கக் கத்துக்குங்களேன்" என்று அங்கே இருந்த பெண் கூப்பிட்டாள். ஜவுளிக்கடைக்காரர் மகளிடம்!

மறுநாள் கச்சேரி ரோடு. கலைவாணிக்கு எதிர்வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டு அபயாம்பாள் ஜன்னலைவிட்டு நகராத மனுஷி. கேட்க ஆள் கிடைத்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள்.

"கலைவாணியா? பேஷான எடம்டீ கொழந்தே. பிரின்சிபால் இருக்காளே, வேத்து ஆம்பளையை வாசப்படி ஏற விடமாட்டா. பொண்கள்லாம் தழையத் தழையப் பின்னிண்டு, பூ வச்சிண்டு வரா. சமையல் குறிப்பு எப்படி எழுதறது, கோலத்தைப் பத்தி எப்படி எழுதறதுன்னு எல்லாம் சொல்லித் தராளாம்."

"அங்க படிச்சு முடிச்சவங்க யாராச்சும் பத்திரிகையில இருக்காங்களா மாமி?"

அபயாம்பாள் மோவாயில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "முடிச்சவாளா? முக்கால்வாசிப் பேருக்கு நடுவுலயே கல்யாணம் ஆயிடறதே! பிரின்சிபாலே நாலஞ்சு பேருக்கு வரன் பாத்துக் குடுத்திருக்கா. இதுக்கு மேல என்னடீ வேணும்?"

வடிவு தண்ணீரைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் மாமி என்று எழுந்தாள். அந்த அம்மாள் பாவம், மனசாரப் புகழ்ந்துதான் சொன்னாள்.

மூன்றாவது, மந்தைவெளியில் ஓர் அச்சகத்து மாடியில் நடந்த மாலைக் கல்லூரி. கீழே தெருவில் வேலம்மா என்ற அம்மாள் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். வடிவு இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

"மேல காலேஜ் எப்படிம்மா? பொண்ணுங்க படிக்கலாமா?"

"பொண்ணுங்களா? ரெண்டு கீது. மீதி அல்லாம் ஆம்பளப் பசங்கதான். வுடறதுக்கு எட்டு மணி ஆவும். அந்த வாத்தியாரு கீறாரே, ஒரு எடத்துல குந்த வுடமாட்டாரு. போ, நாலு பேராண்ட பேசி எய்திக்கினு வான்னு தொரத்துவாரு. அதுங்க நேரா எங்க வரும்? என்னாண்டதான். பஜ்ஜி துன்னுகினே எண்ணெய் இன்னா வெல, எவன் வந்து மாமூல் வாங்குறான்னு நோண்டுவானுங்கோ." வேலம்மாவுக்குச் சொல்லும்போதே சிரிப்பு வந்தது. "தோ, இந்தக் கொயால தண்ணி வர்லன்னு ஒருத்தன் எய்தினான். பேப்பர்ல வந்துச்சு. அப்பால ஆளு வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போனாங்கோ."

வடிவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதுதான், இந்த இடம்தான், வேறு எதுவும் வேண்டாம். அதோடு பஸ் ஏறியிருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன கேட்கிற புத்தி விட்டால்தானே! "தகராறு கிகராறு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டுவைத்தாள்.

"தகராறு இன்னா... போன மாசம் காலேஜ் பசங்க மறியல் பண்ணாங்கோ இல்ல? அத்தப் பாத்து எய்தப் போச்சு இங்க படிக்கிற பொண்ணு ஒண்ணு. போலீசு அல்லாரையும் வேன்ல ஏத்தும்போது இத்தையும் சேத்து இட்டுக்கினு பூட்டாங்கோ. சாய்ங்காலம் வுட்டுட்டாங்கோ, அது வேற விசயம்."

கையில் இருந்த இரண்டாவது பஜ்ஜியை வடிவு காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். மீனாட்சி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "போலீஸா! ஏட்டி, உங்கப்பா இதைக் கேட்டா அன்னைக்கே தூத்துக்குடிக்குத் தந்தி அடிச்சிருவாவ. அந்த ஒண்ணை மட்டும் முழுங்கிரு. மத்தது பூராவும் உண்மைதான? அதைச் சொல்லு, போதும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீயாவது படிச்சு உன் கால்ல நில்லுட்டி. ஒருத்தி பட்டது போதும்" என்றாள். அம்மா தன் பக்கம் இருக்கிறாள் என்பதே வடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சரிம்மா, சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது மின்வெட்டுக் காலம். மத்தியானம் கடையில் விசிறி நின்றுபோனால் வாடிக்கையாளர்கள் தலைகாட்டமாட்டார்கள். அப்படி ஒரு மத்தியானம் சுயம்புலிங்கம் பனியனோடு உட்கார்ந்து சீட்டித் துணியை மடித்துக்கொண்டே, "ம், சொல்லு" என்றார். அடையாறு தையல் வகுப்பைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கச்சேரி ரோட்டைச் சொன்னாள். "நல்ல இடம்னுதான அந்தம்மா சொல்லுதாவ?" என்றார். "கல்யாணத்துக்கு நல்ல இடம்ப்பா, படிக்கிறதுக்கு இல்ல" என்றாள் வடிவு. அப்புறம் மந்தைவெளியைச் சொன்னாள். வாத்தியார் விரட்டுகிறதை, குழாயில் தண்ணீர் வந்ததை, ஆம்பளைப் பையன்கள்தான் அதிகம் என்பதை, வீடு திரும்ப எட்டரை ஆகும் என்பதை எல்லாம் சொன்னாள். அந்த எட்டரைக்கு அப்பா முகம் சுருங்கியது. துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

"வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

வடிவு வாயைத் திறந்தாள். இல்லைப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் விருதுநகரில் பத்துப் பேரிடம் அவர் கேட்ட கேள்வி இதுதானே. பத்துப் பேரும் சொன்ன பதிலைத் தானும் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஒண்ணு இருக்குப்பா" என்று ஆரம்பித்து, மறியல், போலீஸ், வேனில் ஏற்றிய பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தன் கையாலேயே தன் படிப்புக்குக் கொள்ளி வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைய எப்ப விட்டாங்க?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

"ம்" என்றார். அதற்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது, யாரோ வேட்டி கேட்டு வந்தார்கள். அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா இரண்டு நாள் வடிவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை! வாயை அடக்கத் தெரியாதவளுக்குப் படிப்பு ஒரு கேடா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். தூத்துக்குடியில் வெயில் அதிகமாக இருக்குமாமே என்று வடிவு அக்காவிடம் கேட்டாள். சரோஜா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரிசி களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்ராஜ் வந்தார். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வெள்ளைத்துரை மாமா நேத்து ட்ரங்க் கால் போட்டாவ. வார வெள்ளிக்கிழமை பிள்ளைய பாக்க வாராவளாம். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாவ. பிள்ளை படிப்பு முடிஞ்சாச்சு, இனி வீட்லதான இருக்கும்? சும்மா, கேக்கணும்னு கேக்குதாவ. ஆமான்னு சொல்லிருங்க, முடிஞ்சுது."

வடிவு காபி தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

"இல்ல, பொன்ராசு" என்றார் சுயம்புலிங்கம். "பிள்ளை பத்திரிகைப் படிப்புக்குப் போகுது, மந்தைவெளியில. ஆம்பளைப் பையங்க கூட உக்காந்துதான் படிக்கும். வீடு வந்து சேர இருட்டிரும். வெளியில போயி விசாரிக்க வேண்டியிருக்கும், போலீஸ் பிடிச்சாலும் பிடிக்கும். படிச்சுட்டு வேலைக்கும் போகும். வாய் நீளம். சமையல் சுமார்தான். இதெல்லாம் சம்மதம்னா வெள்ளிக்கிழமை வரச் சொல்லு."

பொன்ராஜ் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என்ன அண்ணாச்சி நீங்க? இதையெல்லாம் நம்மளே எதுக்குச் சொல்லணும்? விடுங்க, நான் வேற மாதிரி சொல்லிக்கிடுதேன்."

"வேற மாதிரி சொல்லாத. நான் சொன்னதை அப்படியே சொல்லு." அப்பாவின் குரல் உடைந்தது. "சரோஜாவுக்காக விருதுநகர்ல பத்துப் பேருட்ட கேட்டேன். அங்க உனக்கு அப்ப கடை இருந்துச்சு, அதே தெரு. உன்ட்டயும் கேட்டேன். வேற ஒண்ணும் இல்லண்ணாச்சின்னு சொன்ன. ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லியிருந்தா எம்பிள்ளைய அங்க அனுப்பியிருப்பனா, பொன்ராசு?"

பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். காபியைத் தொடவில்லை.

அடுப்படியிலிருந்து சரோஜா கூடத்துக்கு வந்தாள். வேற்று மனுஷர் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஈரக்கையோடு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு வருடம் அழாததை எல்லாம் அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "என் தப்புதான் தாயி, என் தப்புதான்" என்றார். மீனாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பொன்ராஜ் எப்போது செருப்பை மாட்டிக்கொண்டு போனார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

தான் படிக்கப் போவது உறுதியாகிவிட்டது என்பது வடிவுக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அக்காவின் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லாமல் சரோஜா பிசைந்து சாப்பிட்டாள்.