ஏழு பூவரசுக்குப் போட்ட பட்டை

எண்ணூர் போகும் ரோட்டோரம், முகத்துவாரக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஏழு பூவரச மரங்கள் நின்றன. ரோட்டு மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது இருதயம்மாளின் கூலிவேலை. மணலில் நட்ட அந்தக் கன்றுகளைப் பன்னிரண்டு வருஷம் குடம் சுமந்து ஆளாக்கினாள். "உன் புள்ளைங்களா?" என்று யாராவது கேட்டால், "புள்ளைங்க இன்னா, சோறு துன்னுட்டு ஓடிப்பூடும். இது நின்ன எடத்துல நிக்குது" என்பாள்.

காணும் பொங்கலன்று காலடிப்பேட்டையிலிருந்து வண்டி கட்டி வரும் குடும்பங்கள் அந்த நிழலில்தான் கட்டுச்சோறு பிரிக்கும். குழந்தைகள் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும். "எலையப் பறி, கெளைய ஒடிக்காத. என் மரம்!" என்று அதட்டிக்கொண்டே சுற்றி வருவாள்.

மார்கழியில் அடிமரத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை போடுவதும் அவள்தான். பட்டை போட்டது சர்க்கார் மரம், தொட்டால் அபராதம் என்று பழைய மேஸ்திரி சொல்லியிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷ மார்கழியில் ரோட்டை அகலமாக்க வந்தார்கள். புது மேஸ்திரி கோதண்டம் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"மைல்கல்லாண்ட கீற பத்து மரத்துக்கு மட்டும் பட்டை போடு."

"மத்ததுக்கு?"

"அது இன்னாத்துக்கு உனக்கு? சொன்னதச் செய்யி."

பட்டை இல்லாததைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பத்தையும் முடித்தாள். நார்மட்டை தேய்ந்துபோயிருந்ததால், மிச்சச் சுண்ணாம்பைக் கையாலேயே அள்ளித் தன் ஏழுக்கும் பூசினாள்.

மூன்றாம் நாள் குடத்தோடு வந்தபோது மூன்று மரங்கள் சாய்ந்து கிடந்தன.

"பட்டை போட்டுக்கீதே, கண்ணு தெரியல?" என்று கத்தினாள்.

மரம் வெட்டும் ரஷீது கோடரியை இறக்கினான். "பட்டை கீறதத்தான் வெட்டச் சொன்னாங்கம்மா. மேஸ்திரி வந்து சொன்னா நிறுத்துறேன்."

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கோதண்டத்தைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் ஏழும் விழுந்துவிட்டன.

"இது ரோட்டுக்கு வெளிய கீதே! இதுக்கு யாரு பட்டை போட்டது?" என்றார் அவர்.

காணும் பொங்கலுக்கு ஒரு வண்டி வந்து நின்றது. பாயும் கையுமாக இறங்கிய பெண் நாலு பக்கமும் பார்த்தாள். "இங்க நெழலு இருந்துதே, எந்தப் பாவி வெட்டினான்?"

"நான்தாம்மா" என்றாள் இருதயம்மாள்.

விளையாட்டென்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்ப ஏறினாள். வண்டி நகர்ந்தது. இருதயம்மாளின் விரலிடுக்கில் சுண்ணாம்பு அரித்த புண் இன்னும் ஆறவில்லை.