அங்கி இல்லாமல் பாடியவர்

ஜப்பானியர் ஆட்சியில் எங்கள் பேராலயத்தின் ஆங்கிலேய இசைத் தலைவரைச் சிறைமுகாமில் அடைத்துவிட்டார்கள். பாடகர் குழு என் கைக்கு வந்தது. இசையைவிட விதிமுறைகளில் நான் கெட்டிக்காரன். மூன்று ஒத்திகைக்கு வராதவருக்குப் பாடகர் அங்கி கிடையாது, அங்கி இல்லாதவர் குழுவோடு நிற்க முடியாது என்பது விதி.

ஈஸ்டர் காலையில், மூன்று ஒத்திகைக்கும் வராத செல்லையா வந்து நின்றார். பாட்டை அடியிலிருந்து தாங்கும் கனத்த கீழ்க்குரலில் பாட எங்களுக்கு எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஜப்பான்காரர் சைக்கிளைப் பறிச்சுப்போட்டாங்கள், தம்பி. வேலை முடிஞ்சு அவ்வளவு தூரம், பாயா லேபாரிலயிருந்து நடந்து வாறதுக்குள்ள ஒத்திகை முடிஞ்சிடுது."

"விதின்னு ஒண்ணு இருக்குல்லண்ணே?" என்றேன். அவர் போய்ச் சபையாரோடு உட்கார்ந்தார்.

அன்று வந்திருந்த பலரின் வீட்டு ஆண்களை ஜப்பானியர் பிடித்துப் போயிருந்தார்கள். உயிர்த்தெழுதலைப் பாடும் அந்த ஒரு ஈஸ்டர் பாட்டைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். இரண்டாம் அடியிலேயே, தாங்கக் கீழ்க்குரல் இல்லாமல் பாட்டு தள்ளாடியது. என் கை அந்தரத்தில் நின்றது. அப்போது பின்வரிசையிலிருந்து செல்லையாவின் குரல் எழுந்தது. குழு மெல்ல அதன்மேல் ஏறி நின்று, கடைசி அடிவரை பாடியது.

ஆராதனை முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினேன்.

"அங்கி இல்லையெண்டுதானே சொன்னியள்? பாட வேண்டாமெண்டு சொல்லேல்லையே!" என்று சிரித்தார்.

பிற்காலத்தில் அலுவலகங்களில் எத்தனையோ விதிகளை எழுதினேன். எழுதியதும், இதனால் யாரை வெளியே உட்கார வைக்கப்போகிறேன் என்று கேட்டுக்கொள்வேன். சில விதிகளை அப்போதே கிழித்துப் போட்டிருக்கிறேன்.