யாகொதா சிஸ்டரின் ஆபத்து நாட்கள்

பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு, சுவர் நாள்காட்டியில் நவம்பர் மாதத்தைக் கட்டம் கட்டமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் யாகொதா சிஸ்டர். தொலைபேசி, தோளுக்கும் காதுக்கும் நடுவே. "உங்க வீட்ல பன்னி என்னிக்கு அடிக்கிறீங்க? சனிக்கிழமையா? பக்கத்து வீட்லயும் அன்னிக்குத்தானா? ஒரு வாரம் தள்ளிப்போட்டா பன்னி கோவிச்சுக்குமா என்ன?"

மாட்டுத் தீவனக் கடை இனாமாகத் தந்த நாள்காட்டி. எங்கள் ஸ்லவோனியப் பக்கத்துப் பதினான்கு கிராமங்களில் யார் வீட்டில் கல்யாணம், எந்தத் தோட்டத்தில் பிளம் சாராயம் காய்ச்சுகிறார்கள், யார் வீட்டுப் பன்றிக்கு முடிவுகாலம் எல்லாம் அதில் இருக்கும். புது ஒயினுக்கு ஞானஸ்நானம் செய்யும் மார்ட்டின் திருநாளுக்கு இரட்டை வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே பொடி எழுத்தில் சில பெயர்கள். குடியை விட்டவர்களில் அன்றைக்குத் தனியாக விடக்கூடாதவர்கள். ஸ்லாவ்கோ என்ற என் பெயரும் ஏழு வருடமாக அங்கே இருக்கிறது. டிராக்டரோடு தேவாலயச் சுவருக்குள் புகுந்த ஸ்லாவ்கோ என்றால் இன்னும் சுலபமாகத் தெரியும்.

எங்களுக்கு அவர் நர்ஸ் சிஸ்டர், காகிதத்தில் 'சமூக சுகாதார மற்றும் மறுவாழ்வு ஒருங்கிணைப்பாளர்'. "பேரு என் காரை விட நீளம்" என்பார். குடியை விட வந்தவனுக்கு நகர மருத்துவமனையில் படுக்கை பிடிப்பது, அதற்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வைப்பது, திரும்பி வரும்வரை அவன் வேலையில் மரவாடிக்காரர் வேறு ஆளை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது, வந்தபின் குடி விட்டவர்கள் கூடும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வீட்டுக்காரியோடு வரவழைப்பது. இதற்குள் அவர் தொண்டை கட்டிவிடும். "படுக்கை இருக்கா, இல்லியா? 'பாக்கறேன்'னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். அதை எங்க ஆளுங்களே தினம் சொல்றாங்க."

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று ஒருமுறை கூட்டத்தில் நான் பெரிய மனிதன் போலச் சொன்னேன். "அதனாலதான்பா விடியறதுக்குள்ள எழுதி வாங்கிக்கறேன்" என்று, இனி குடிக்கமாட்டேன் என்று நானே கையெழுத்திட்ட பழைய தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அன்று என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

அவரிடம் சில பிடிவாதங்கள் உண்டு. யார் கையிலிருந்தும் கிளாஸைப் பிடுங்கமாட்டார். "பிடுங்கினா நாளைக்கு இன்னொரு கை நீட்டிக் குடுக்கும்." எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ளாஸ்க்கில் டீயோடு போவார். எங்கள் ஊரில் விருந்தாளி உட்காரும் முன்பே கையில் சாராயக் கிளாஸ் வந்துவிடும். வெறுங்கையால் மறுப்பது கஷ்டம். அப்புறம் அந்தச் சிவப்புக் கார். சாவியைப் புருஷனிடம்கூடக் கொடுத்ததில்லை.

போன சனிக்கிழமையின் வட்டத்துக்குக் கீழே ஸ்வொன்கோவின் பெயர் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டியவன். போன டிசம்பரில் குடியால் உரிமம் போனது. ஒரு வருடம் சொட்டுத் தொடாமல் இருந்தான் என்று சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். பதினோரு மாதம் முடிந்துவிட்டது. பேருந்து முதலாளி புத்தாண்டு வரைதான் வேலையை வைத்திருப்பார். பொய்க் கையெழுத்து சிஸ்டர் போடமாட்டார் என்பது பதினான்கு கிராமத்துக்கும் தெரியும்.

ஆனால் பன்றிக் கழுத்தில் கத்தி வைக்க அவனைவிட்டால் ஆளில்லை. அன்று பன்றி அடித்தது அவன் மாமனார் ஜுரோவின் வீட்டில், அவர் வேறு யாரையும் கூப்பிடவும் மாட்டார். "ஒரு பாட்டில்கூட வெளிய வராது சிஸ்டர், எங்கம்மா மேல சத்தியம்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனாலும் சிஸ்டர் கிளம்பினார். "குடல் கழுவ ஆள் வேணுமாம், வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தரையெல்லாம் உறைபனி. ஜுரோ சொன்ன சொல் தவறவில்லை. முற்றத்தில் ஒரு பாட்டில் கிடையாது. அடுப்பில் கெட்டில் மட்டும் இருந்தது. அதிலிருந்து ஜுரோ எல்லாருக்கும் டீக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். கருக்கிய சர்க்கரை வாசனை மூக்கில் ஏறியது. சர்க்கரை போட்டுக் கெட்டிலில் கொதிக்க வைத்த சாராயம். குளிருக்கு எங்கள் ஊரில் கிழவிகள்கூடக் குடிப்பார்கள். அதை யாரும் சாராயக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானே கூட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் சேர்த்தேன்.

ஸ்வொன்கோவின் வலது கையில் கத்தி, இடது கையில் கோப்பை. கோப்பைக்கும் உதட்டுக்கும் ஒரு சாண். உள்ளே என்ன என்று அவன் மூக்குக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் மனைவி மிரேலா சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்றாள்.

நான் பாய்ந்து தட்டிவிடப் போனேன். சிஸ்டர் என் காலை மிதித்தார். நேராக அவன் முன்னால் போனார், ஃப்ளாஸ்க்கைத் திறந்தார், மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.

"புடி. ஆறிடும்."

அவனுக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது. வாங்குவதானால் ஒன்றை விடவேண்டும். அவன் கத்தியைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். சாமி கும்பிடாத நான் அன்று கும்பிட்டேன். ஸ்வொன்கோ குனிந்து கோப்பையை விறகு பிளக்கும் கட்டையில் வைத்தான். மூடியை வாங்கி ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

ஜுரோவுக்கு முகம் செத்துவிட்டது. "காய்ச்சினதுதானே சிஸ்டர், டீ மாதிரி. நான் பாட்டிலையே வெளிய எடுக்கலியே மாப்ளே."

"பேயைக் காய்ச்சினா சாமியாயிடுமா ஜுரோண்ணே? கெட்டிலைக் கழுவிட்டு நல்ல டீயா போடுங்க."

ஜுரோ கெட்டிலை வேலியோரம் கவிழ்த்தார். கோழிகள் ஓடிவந்து கொத்திப் பார்த்தன. "புதன்கிழமை இதுங்களையும் கூட்டிட்டு வரணும் போல" என்றான் ஸ்வொன்கோ. மிரேலா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொடைக்கறிக்கு உப்புத் தடவி முடிக்கும்வரை சிஸ்டர் நகரவில்லை. குடலில் கறி அடைத்தார், ஜுரோவைக் கேலி செய்தார், இரண்டு தட்டு சாப்பிட்டார். இவருக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது, தேவாலயத் திருப்பத்தில், நான் இடித்து வேறு நிறச் செங்கல் வைத்து அடைத்த அந்தச் சுவருக்குப் பக்கத்தில், காரை ஓரங்கட்டி நிறுத்தினார். இன்ஜினை அணைத்த பிறகும் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஒரு சாண் ஸ்லாவ்கோ" என்றார். "ஒரு சாண்தான் இருந்துச்சு."

பிறகு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார்.